பக்கத்துக் கட்டிலுக்கு மட்டும் ஸ்கேன்

போன மாதம் எனக்கு நெஞ்சில் ஆபரேஷன். நுரையீரலில் ஒரு கட்டி. பயப்படாதீர்கள், சாதாரணக் கட்டிதான். இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணாமல் நீங்கள் தேடியிருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்...

இன்று சொல்ல வந்தது ஆபரேஷனைப் பற்றி அல்ல. என் பொறாமையைப் பற்றி!

பதுளை ஆஸ்பத்திரியில் நான் இருந்த வார்ட்டில் பக்கத்துக் கட்டில் பவளம்மா. அப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். அவருக்கும் நெஞ்சில்தான் ஆபரேஷன், அதே நாளில்தான். ஆனால் கவனிப்பு?

காலையில் டாக்டரம்மா ஒரு சின்ன ஸ்கேன் மெஷினைத் தள்ளிக்கொண்டு வருவார். நேரே பவளம்மாவிடம் போவார். விலாவில் ஜெல் தடவி, முதுகில் வைத்து, திரையையே பார்த்துக்கொண்டு... கால் மணி நேரம்! எனக்கு? முதல் நாள் இரண்டு நிமிடம் வைத்துப் பார்த்ததோடு சரி. அப்புறமெல்லாம் "எப்படி இருக்கு டீச்சர்?" மட்டும்தான்.

வயிறு எரிந்தது. முப்பது வருஷம் பாடம் நடத்தியவள், வாராவாரம் பத்திரிகையில் எழுதுகிறவள் — எனக்கு ஒரு சொட்டு ஜெல் கிடையாதா? வேண்டுமென்றே இருமிப் பார்த்தேன். தையல் வலித்ததுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் கேட்டேவிட்டேன். "அவங்களுக்கு மட்டும் ஏன் டாக்டர் தினமும் ஸ்கேன்?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "உங்களுக்கு ஒண்ணுன்னா நீங்களே சொல்லிருவீங்க டீச்சர். விலாவுல குத்துது, இருமல் வருது, ஃபேன் சத்தம் போடுதுன்னு... இவங்க எது கேட்டாலும் 'நல்லாருக்கேங்க'தான். நேத்து மூச்சு வாங்குது, அப்பவும் நல்லாருக்கேங்க! ஸ்கேன் வச்சா, நுரையீரலைச் சுத்தித் தண்ணி கட்டியிருக்கு. இன்னைக்கு இன்னும் கூடியிருக்கு. அப்படியே விட்டா உசுருக்கே ஆபத்து."

அன்றே விலாவில் குழாய் வைத்துத் தண்ணீரை எடுத்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஏன் பவளம்மா, மூச்சு முட்டுதுன்னு சொல்லக்கூடாதா?"

"பழகிப்போச்சுங்க டீச்சர். காய்ச்சலோட பெரட்டுல போய் நின்னாலும், கங்காணி கேட்டா நல்லாருக்கேன்னுதான் சொல்லுவோம். முடியலைன்னா அன்னைக்கு வேலை இல்லைன்னு திருப்பி அனுப்பிருவாங்களே."

காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் இத்தனை வருஷம் சொன்ன பொய்யை, பாவம், ஆஸ்பத்திரியிலும் சொல்லியிருக்கிறார். நல்லவேளை, அந்த மெஷின் அவர் வாயைப் பார்க்கவில்லை.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். அழவே தெரியாத பிள்ளையை யார் கவனிப்பது? அப்படித் தேடிப் போய்க் கவனிக்கிற இடத்தில்தான் நான் பொறாமைப்பட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா வழக்கம்போல வந்தார். "எப்படி இருக்கு பவளம்மா?"

பவளம்மா வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். நான் வகுப்பில் முறைப்பதுபோல முறைத்தேன்.

"கொழாய் வச்ச இடம்... கொஞ்சம் வலிக்குதுங்க."

டாக்டரம்மா ஜெல் போத்தலைக் கீழே வைத்துவிட்டு, பவளம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிரித்தார்.

ஐந்து நாளாக நான் புலம்பிய அத்தனை வலியில் ஒன்றுக்காவது அந்தச் சிரிப்பு கிடைத்ததா, சொல்லுங்கள்!