அத்தையின் மூக்கு

எங்கள் அத்தையை ஊர்க்கூட்டத்தில் நிற்க வைத்துக் கேள்வி கேட்டவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அதில் பாதிப் பேர் அவள் கொடுத்த மீனைத் தின்று வளர்ந்தவர்கள்.

அப்பாவுக்கு அக்கா அவள். புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு எங்களோடு இருந்துகொண்டு, சாந்தோமில் சாலையோரம் மீன் விற்றாள். மற்றவர்கள் செவுளைத் தூக்கிச் சிவப்பு பார்ப்பார்கள். அத்தை மீனை ஒருதரம் மூக்கருகே கொண்டுபோவாள், அவ்வளவுதான். கெட்டதென்றால் காக்கைக்குப் போகும். அவள் முகர்ந்து கொடுத்ததை நந்தனத்திலிருந்து வருகிறவர்கள்கூடப் புரட்டிப் பார்க்காமல் பையில் போட்டுக்கொள்வார்கள். அந்தப் பெயர்தான் அவளுடைய சொத்து.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள், வாங்கிப்போன வஞ்சிரத்தை ஓர் அம்மாள் திருப்பிக் கொண்டுவந்து எறிந்தார். தெருவே நாறியது. அத்தை அதை எடுத்து, எல்லோர் எதிரிலும் நிதானமாக முகர்ந்தாள்.

"நல்ல மீனுதாம்மா" என்றாள்.

இதைவிடத் துணிச்சலான பொய்யை யாரும் கேட்டதில்லையாம். கோயில் வாசலில் கூட்டம் போட்டுவிட்டார்கள்.

"அழுகல வித்துட்டு எப்டி நின்னுக்கினு கீது பாரு. மூஞ்சில ஒரு வருத்தம் கீதா?" என்றாள் பக்கத்துக் கடைக்காரி.

எல்லோரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். சந்தை முழுக்கக் கேட்கும்படி சிரிக்கிறவளின் முகம், கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது. "திமிரு" என்றார் ஊர்த் தலைவர். இனி அவள் அங்கே கடை போடக் கூடாது என்று முடிவாயிற்று.

அத்தை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் கிடந்த வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. இவர்களுக்குப் போய்ப் பயப்படுகிறாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"பயப்படாத அத்த, நான் கீறேன்ல" என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எனுக்கு இன்னாடா பயம்? அது தானா ஆடுது."

நான் நம்பவில்லை.

கைக்கு ஒரு டாக்டர் சத்து மாத்திரை கொடுத்தார். சொந்தக்காரர்கள் மந்திரித்த கயிறு கட்டினார்கள். நடை சிறுத்து, ரவிக்கைக் கொக்கி மாட்டவும் அம்மா வர வேண்டியதான பிறகே ஒரு நரம்பு டாக்டரிடம் போனோம். அவர் அவளை நடக்கவிட்டுப் பார்த்தார். விரல்களைத் தட்டச் சொன்னார், மணிக்கட்டை மடக்கினார். கடைசியில், வாசனை தெரிகிறதா என்று கேட்டார்.

"அது எப்ப போச்சுன்னே தெர்ல சார்" என்றாள் அத்தை.

பார்க்கின்சன் நோயாம். உடம்பை அசைக்க உதவும் மூளை அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கின்றன, ஏனென்று முழுதாக யாருக்கும் தெரியாது, மாத்திரை தாங்கிப் பிடிக்கும், அடியோடு தீர்க்காது என்றார். கை நடுங்குவதற்குப் பல வருடம் முன்பே பலருக்கு மூக்கு போய்விடுமாம். முகமும் இறுகிவிடும், உள்ளே இருப்பது வெளியே தெரியாது என்றார்.

அப்பா இதைத் தலைவரிடம் போய்ச் சொன்னார். "அதான் முடிஞ்சிபோச்சே, வுடு நைனா" என்றாராம். எது முடிந்துபோனது? அந்தச் சாலையோரத்தில் அத்தை மறுபடி உட்காரவே இல்லை.

அன்று கோயில் வாசலில் அவள் உள்ளுக்குள் அழுதுகொண்டுதான் இருந்திருக்கிறாள். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கும் அது தெரியவில்லை.