குழாயடிச் சண்டையும் நான் செய்த சமாதானமும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரம். சேரன்மகாதேவியைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே இருக்கும் ஓர் இலங்கைத் தமிழர் முகாமுக்கு நான் வாரத்தில் மூன்று நாள் போய்க்கொண்டிருந்தேன். கல்யாணம், குழந்தை என்று ஆன பிறகு முழுநேர வேலை ஒத்துவரவில்லை. அதனால் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியையிடம் பகுதிநேர ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். ஊருக்குத் திரும்பிப் போக நினைக்கும் அகதிகள் எத்தனை பேர், இங்கேயே தங்க நினைப்பவர்கள் எத்தனை பேர், ஏன் என்று கேட்டு எழுதிவர வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

பேராசிரியை முதல் நாளே சொல்லிவிட்டார், "போனோமா, கேட்டோமா, எழுதினோமா, வந்தோமான்னு இருக்கணும். அங்க எதுலயும் நீ தலையிடக் கூடாது." என்னைப் பற்றி அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பஸ்ஸில் யாராவது சண்டை போட்டால்கூட எழுந்துபோய் நியாயம் கேட்பேன்.

அந்த முகாமில் இரண்டு அக்காமார் இருந்தார்கள். ஒருவர் காலையில் இடியாப்பம் அவித்து விற்பவர். இன்னொருவர் தையல் மிஷின் வைத்திருப்பவர். இருவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய். நான் போகிற நாளில் எல்லாம் அந்தக் குழாயை வைத்துச் சண்டை நடக்கும். குடம் உருளும், வார்த்தை பறக்கும். நானும் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி, 'இங்கே மக்களிடையே ஒற்றுமை குறைவு' என்று குறித்து வைத்திருந்தேன்.

அன்று காலை கடைசி வரிசை வீடுகளில் ஒன்றில், ஓர் இளம் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தேன். இந்த முகாமிலேயே பிறந்து வளர்ந்தவள். மடியில் மூன்று மாதக் கைக்குழந்தை. முகாம்காரர்களுக்கு அரசு கட்டித் தரும் புது வீடு கிடைத்தால் சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று புருஷனுடன் தினமும் வாக்குவாதமாம். அவன் பெயிண்ட் அடிக்கிறவன் ஆயிற்றே என்று சிரித்தாள். அப்போதுதான் மைக்கில் அறிவிப்பு வந்தது. இன்று செக்கிங், எல்லோரும் அகதி அட்டையோடு ஹாலுக்கு வரவும் என்று.

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே போய்விட்டது.

செக்கிங் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். வருவாய் ஆய்வாளர் திடீரென்று வருவார். முகாமில் அவரை ஆர்.ஐ. சார் என்பார்கள். ஒவ்வொரு குடும்பமாகப் பெயர் வாசிப்பார். பெயர் உள்ளவர் ஆளாக நேரில் நின்று கையெழுத்துப் போட வேண்டும். வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொன்னால் செல்லாது. வெளியூர் போவதாக இருந்தால் முன்பே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். விடிகாலையில் மேஸ்திரி போன் போட்டுக் கூப்பிட, வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் எங்கே எழுதிக் கொடுப்பான்?

"போன முறையும் அவர் இல்லை அக்கா," என்றாள். "ரெண்டாம் முறையும் இல்லையெண்டா பேரை வெட்டிப் போடுவினம். புது வீட்டுக்கும் இந்தச் செக்கிங்கை வச்சுத்தான் பேர் எடுக்கினமாம்."

புருஷன் பாபநாசத்தில், மலையடிவாரத்தில் ஒரு வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தான். நல்லவேளை, போன் போனது. கை கழுவக்கூட நிற்காமல் பஸ் ஏறிவிட்டான். ஆனால் பாபநாசத்தில் இருந்து சேரன்மகாதேவிக்கு வருவதென்றால் சும்மாவா? வழியில் அம்பை, கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் எல்லாம் தாண்டி வர வேண்டும். மழை வேறு.

ஹாலுக்குப் போனபோது ஆர்.ஐ. மேசை போட்டு உட்கார்ந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும், கண்ணாடி மூக்கின் நுனியில் நின்றது. வந்ததில் இருந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சட்டு சட்டுன்னு வாங்க. எனக்கு முக்கூடல் பக்கம் வேற போகணும், நேரமாவுது," என்று எல்லோரையும் விரட்டினார். பெயர்கள் கடகடவென்று ஓடின. கடைசி வரிசை வீடு என்பதால் இவள் முறை கடைசியில்தான் வரும். அது ஒன்றுதான் ஆறுதல்.

அவளுக்கு மெசேஜ் வந்துகொண்டே இருந்தது. வருவதை உடனுக்குடன் என் காதில் சொன்னாள். அம்பை தாண்டியாச்சு. கொஞ்ச நேரம் கழித்து, கல்லிடைக்குறிச்சியில் ரயில்வே கேட் போட்டிருக்கிறார்கள். அதன் பிறகு ஒன்றுமே வரவில்லை. வரிசை பாதிக்கு மேல் கரைந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து வரிசைக்குள் சண்டை வெடித்தது. வேறு யார், இடியாப்ப அக்காவும் தையல் அக்காவும்தான். ராத்திரி குழாயைத் திறந்து போட்டது யார் என்பதில் ஆரம்பித்து, எப்போதோ கப்பலில் வந்து இறங்கிய நாள்வரைக்கும் போய்விட்டது. இடியாப்ப அக்கா அட்டையை மேசையில் அறைந்தார். தையல் அக்கா ஆர்.ஐ.யின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கோ சேர், சொல்லாமல் நான் கையெழுத்து வைக்க மாட்டன்," என்று அழ ஆரம்பித்தார். பெயர் வாசிப்பது நின்றுபோனது.

"ஏ, என்ன சத்தம் இங்கன? ஆபீசரை வச்சிக்கிட்டுச் சண்டை போடுதீங்க!" என்று ஆர்.ஐ. கத்தினார். யார் கேட்கிறார்கள்?

எனக்கு அவமானமாக இருந்தது. ஓர் அதிகாரி முன்னால் இப்படியா என்று இருந்தது. பேராசிரியை சொன்னதெல்லாம் காற்றில் போக, எழுந்து நடுவில் போய் நின்றேன். இருவர் கையையும் பிடித்தேன். ஒரு நாள் இவருக்கு, ஒரு நாள் அவருக்கு, வெள்ளிக்கிழமை பொது என்று முறை வைத்துக் கொடுத்தேன். அவர்கள் மறுக்க மறுக்க நானும் விடவில்லை. கடைசியில் இருவரும் வாயடைத்துப் போனார்கள். சுற்றி நின்றவர்களும் ஏனோ பேசாமல் என்னையே பார்த்தார்கள். என் திறமையைப் பார்த்து அசந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

"படிச்ச பிள்ள படிச்ச பிள்ளதான். எம்புட்டு நேக்கா முடிச்சிட்டு பாருங்க," என்றார் ஆர்.ஐ. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

திரும்பும்போது இடியாப்ப அக்கா என் முழங்கையில் நறுக்கென்று கிள்ளினார். பல்லைக் கடித்துக்கொண்டு, "கெடுத்துப் போட்டியள் பிள்ளை. அந்தப் பொடியன் இன்னும் வீரவநல்லூர் தாண்டேல்லை. அவன் வருமட்டும் இழுக்கத்தானே நாங்கள் சண்டை பிடிச்சது," என்றார்.

மேசைப் பக்கம் பார்த்தேன். நான் செய்துகொடுத்த சமாதானத்தில் வரிசை முன்னைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெண் குழந்தையை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். என்னை ஒரு முறை பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

கெடுத்தவள் நான். நான்தான் ஏதாவது செய்தாக வேண்டும். சண்டை போடுவது ஒன்றும் எனக்குப் புதிதில்லையே. நேராக மேசைக்குப் போனேன்.

"சார், இப்படித் திடீர்னு வந்து நின்னா வேலைக்குப் போனவங்க என்ன செய்வாங்க? இது என்ன சார் நியாயம்?" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "முதல்ல நீங்க யாரும்மா? முகாம்ல ஒங்களுக்கு என்ன சோலி? பெர்மிஷன் லெட்டர் இருக்கா?"

இருந்தது. முகாமுக்குள் வர எனக்கு மேலிடத்தில் கொடுத்த அனுமதிக் கடிதம், நீல நிற ஃபைலில், பைக்குள் பத்திரமாக இருந்தது. நீட்டினால் பேச்சு அதோடு முடிந்துவிடும். அதனால், "இருக்கு சார், எடுத்துத் தாரேன்," என்று பையை மேசையில் வைத்தேன். என் மகளின் கிரயான், டிபன் பாக்ஸ், மடக்குக் குடை, பாதி தின்ற கடலைமிட்டாய் என்று ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினேன். எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக.

எல்லாம் எடுத்தாயிற்று. ஃபைலைக் காணவில்லை.

விளையாட்டில்லை, நிஜமாகவே காணவில்லை. பையை உதறினேன். கீழே குனிந்து தேடினேன். ஆர்.ஐ. என்னிடமே எண்ணை வாங்கிப் பேராசிரியைக்குப் போன் போட்டுவிட்டார். "லெட்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல, வந்து என்கிட்ட நியாயம் கேக்குதாங்க ஒங்க பிள்ள," என்று அவர் சொல்லச் சொல்ல எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அது நடிப்பில்லை. வேலை போயிற்று, அந்தப் பெண்ணுக்கும் ஒன்றும் செய்ய முடியவில்லை என்று அழுதேன்.

போனை வைத்துவிட்டு, "வெளியே போய் நில்லுங்கம்மா. ஒங்களை அப்புறம் பாக்கேன்," என்றார். பிறகு பேனாவை எடுத்துக் கடைசிப் பெயரை வாசித்தார். அவளுடைய புருஷன் பெயர்.

இரண்டாம் முறையும் வாசித்தார். பேனாவைத் தாளில் வைத்தார்.

வெளியே ஒரு பைக் சேற்றில் வழுக்கி நிற்கும் சத்தம் கேட்டது. தையல் அக்காவின் கணவர் எப்போதோ கையெழுத்தைப் போட்டுவிட்டு, பைக்கோடு பஸ் ஸ்டாப்பில் போய்க் காத்திருந்திருக்கிறார். பின்னால் இருந்து குதித்தவன் தொப்பலாக நனைந்து, தலைமுடியிலும் புருவத்திலும் வெள்ளைச் சுண்ணாம்பு தெறித்தபடி உள்ளே ஓடிவந்தான். "வந்திட்டன் சேர்," என்பதற்கு மேல் பேச்சு வரவில்லை. கையெழுத்துப் போட்ட இடத்தில் சுண்ணாம்புக் கறை படிந்தது.

அவள் சுவரில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தை ஒன்றும் தெரியாமல் தூங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் தையல் அக்கா பெஞ்சில் இருந்து நிதானமாக எழுந்தார். அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் என் நீல ஃபைல் கிடந்தது. "இது உங்கட தானே பிள்ளை? இங்க கிடந்தது," என்று கையில் கொடுத்தார். ஃபைல் இன்னும் சூடாக இருந்தது. நான் மேசைப் பக்கம் திரும்பியபோதே அதை என் பையில் இருந்து உருவியிருக்கிறார். ஆர்.ஐ. கடிதத்தைக் கேட்பார், நான் நீட்டினால் பேச்சு அதோடு முடிந்துவிடும் என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஆர்.ஐ. கடிதத்தை வாங்கிப் படித்தார். என்னைப் பார்த்தார், தையல் அக்காவைப் பார்த்தார், சொட்டச் சொட்ட நின்றவனைப் பார்த்தார். "இம்புட்டு நேரம் இது எங்கன போச்சு?" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. பதிவேட்டை மூடிக்கொண்டு ஜீப்புக்கு நடந்தார். அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பேராசிரியையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. இரண்டு மாதம் என்னை முகாம் பக்கமே அனுப்பவில்லை. திரும்பப் போனபோது புது வீட்டுக்கான பெயர்கள் வந்துவிட்டன. அவர்கள் பெயரும் இருந்தது. சுவருக்கு இளம் பச்சை என்று முடிவாகியிருந்தது. வாக்குவாதத்தில் அவள்தான் ஜெயித்தாளாம்.

குழாயடியில் இடியாப்ப அக்காவும் தையல் அக்காவும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த முறை நிஜச் சண்டை. நான் வகுத்துக்கொடுத்த முறையை இருவருமே ஒரு நாள்கூடக் கடைப்பிடிக்கவில்லை. என்னைப் பார்த்ததும் இருவரும் ஒரே நேரத்தில், "நீங்கள் வராதேங்கோ பிள்ளை!" என்று கத்தினார்கள். ஒற்றுமை குறைவு என்று எழுதியிருந்ததை அன்றைக்கே அடித்துவிட்டேன்.

இப்போதும் எங்காவது இரண்டு பேர் வாய்ச்சண்டை போடுவதைப் பார்த்தால் என் கால் தானாக அந்தப் பக்கம் போகத்தான் செய்கிறது. ஆனால் சமாதானம் செய்ய வாயைத் திறப்பதற்கு முன், இங்கே இன்னும் வந்து சேராதவர் யார் என்று ஒரு முறை சுற்றிப் பார்த்துக்கொள்கிறேன்.