அலுமாரிக்குள் எரிந்த வெளிச்சம்

ஒரு மனிதனின் நித்திரையை நான் திருடினேன். ஒரு கஞ்சாச் செடி பூக்க வேண்டும் என்பதற்காக!

சொல்லிவிட்டேன். இனி நீங்கள் எழுந்து போனாலும் உங்கள்மீது எனக்குக் குறையில்லை. இருந்து கேட்பதென்றால் கடைசிவரை கேளுங்கள். பாதியில் எழுந்து போனால் என்னை நல்லவன் என்று நினைத்துவிடுவீர்கள்... இந்தக் கதையின் முதற் பாதி அப்படிப்பட்டது.

பிரான்சில், லா சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில், ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே நான்காம் மாடியில், அந்தக் கடை முதலாளியிடம் வாடகைக்கு எடுத்த ஓர் அறை எனக்கு இருந்தது. ஒரு கட்டில், ஒரு சன்னல், சுவரோடு ஒட்டிய ஓர் அலுமாரி. அவ்வளவுதான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, விசாவும் கிடைத்து, ஓர் உணவகத்தின் சமையலறையில் காய்கறி வெட்டிக்கொண்டிருந்தவன் நான். நண்பகலுக்கு வேலைக்குப் போனால் இரவுதான் திரும்புவேன். திரும்பி வந்தாலும் நித்திரை வராது. உடம்பு மட்டும் படுக்கும். மண்டை விடியும்வரை வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கும்.

கூட வேலை செய்த சமையற்காரன் ஒருவன் ஒருநாள் வேலை முடிந்தபின் தன் கஞ்சாச் சுருட்டை நீட்டினான். அன்றிரவு செத்த பிணம்போல் கிடந்தேன். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அப்படி ஒரு நித்திரை! தெருவில் நின்று விற்பவர்களிடம் வாங்க எனக்குப் பயம். அதைச் சொன்னபோது அவன் சிரித்துவிட்டு, அடுத்த கிழமை யோகர்ட் கோப்பை ஒன்றில் சிறு செடி ஒன்றைக் கொண்டுவந்து தந்தான். இரண்டு இலை, இன்னும் இரண்டு இலை. பார்த்தால் பாவமாயிருந்தது.

குற்றம் என்று தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் நான் ஒப்புக்கொள்ள வந்த குற்றம் அதுவல்ல.

செடி வளர்க்கவென்றே விற்கும் பெரிய விளக்குகளின் விலையைக் கேட்டுத் தலை சுற்றியது. பார்பெஸ் பக்கத்து மலிவுக் கடையில் சுருள் பல்புகள் வாங்கினேன். வேலையிடத்திலிருந்து அலுமினியத் தாள் கொண்டுவந்து அலுமாரியின் உட்பக்கம் முழுவதும் ஒட்டினேன். தானாக எரிந்து தானாக அணைய, முகத்தில் வட்டத் திருகு வைத்த ஒரு மணிக்கூட்டுப் பிளக்கையும் பொருத்தினேன். முதன்முறை எரியவிட்டபோது, பழைய உடுப்புகள் தொங்கிய அந்த அலுமாரி கல்யாண மண்டபம்போல் மினுங்கியது. பிரான்சுக்கு வந்த பிறகு நானாகச் செய்து நானே ரசித்த முதற் காரியம் அதுதான். சிரிக்காதீர்கள்!

அப்போதுதான் கரன் வந்து சேர்ந்தான்.

வன்னியில் யுத்தம் முடிந்த மறு வருடம் அது. அகதி விண்ணப்பம் போட்டிருக்கிறான், விசாரணை முடியும்வரை படுக்க ஓர் இடம் வேண்டும் என்று ஊர்க்காரர் ஒருவர் கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. மனைவியையும் மூன்று வயது மகளையும் அங்கே விட்டுவிட்டு வந்திருந்தான். அகதிப் பேப்பர் கிடைத்தால் அவர்களையும் இங்கே எடுப்பிக்கலாம். அவனுக்கு உலகத்தில் வேறு எண்ணமே இருக்கவில்லை.

முதல் இரவு அறை விளக்கை அணைக்கப் போனேன். அவன் பாயில் எழுந்து உட்கார்ந்தான்.

"அண்ணை, குறை நினையாதையுங்கோ. இருட்டெண்டால் எனக்குக் கண் மூடேலாது."

காரணத்தையும் சொன்னான். விசுவமடுவில் பங்கருக்குள் இருந்தபோது மண் சரிந்து மூடியதாம். இவனைத் தோண்டி எடுத்தார்கள். பக்கத்தில் இருட்டுக்குள் முனகிக்கொண்டிருந்த தம்பியை உயிரோடு எடுக்க முடியவில்லை.

நான் அறை விளக்கை மட்டும் அணைத்தேன். எப்படியோ அலுமாரி விளக்கு இரவிரவாக எரிந்துகொண்டுதான் இருந்தது. அதன் கதவுச் சட்டங்களின் இடைவெளியால் வெளிச்சம் கோடுகோடாக அவன் பாயில் விழுந்தது. அது என்ன வெளிச்சம் என்று மறுநாள் கேட்டான். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"உனக்காகத்தான் போட்டு வைச்சனான்."

அவனுக்குக் கண் கலங்கியது. அன்றிலிருந்து என் கோப்பையைக்கூட என்னைக் கழுவ விடமாட்டான்.

பார்த்தீர்களா? ஒரு பொய்க்கு எவ்வளவு மரியாதை!

அந்தக் கோடுகளுக்குள் அவன் குழந்தைபோல் நித்திரை கொண்டான். முகம் தெளிந்தது. காலையில் தேநீரோடு உட்கார்ந்து, விசாரணையில் சொல்ல வேண்டியதை என்னிடம் ஒப்புவிப்பான். கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு... இடம்பெயர்ந்த ஊர்கள் அத்தனையும் வரிசை பிசகாமல் வரும். எங்கே யாரை இழந்தான், எங்கே என்ன நடந்தது, ஒரு சொல் தடுமாறாது. இந்த விசாரணையில் இவன் தேறிவிடுவான் என்று நானே நாலு பேரிடம் சொன்னேன்.

இந்த இடத்தில் நீங்கள் எழுந்து போயிருந்தால் நான் நல்லவன்.

செடி என் இடுப்பளவு வளர்ந்துவிட்டது. இனிப் பூக்க வேண்டுமென்றால் நாளில் பாதி நேரம் முழு இருட்டு வேண்டும் என்றான் சமையற்காரன். இருட்டு என்றால் இருட்டு. ஒரு கீற்று வெளிச்சம் பட்டாலும் பழுதாம்.

நன்றாகக் கேளுங்கள். அந்த இருட்டைப் பகலில் கொடுத்திருக்கலாம்! பிளக்கின் வட்டத்தைத் திருகினால் போதும். பகலெல்லாம் அலுமாரி இருளும், இரவெல்லாம் எரியும், கரனும் நித்திரை கொள்வான். ஒரு விரலால் செய்யும் வேலை.

செய்யவில்லை. ஏன்? காலையில் மட்டுந்தான் வீட்டில் எனக்குத் தனிமை கிடைக்கும். கரன் கீழே கடைக்கோ கோயிலுக்கோ போனபின், அலுமாரியைத் திறந்து என் செடி பூப்பதை நான் பார்க்க வேண்டும். பகலை இருட்டுக்குக் கொடுத்தால் எப்படிப் பார்ப்பது? இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிதாக ஒரு காரணத்தை இத்தனை வருடமும் தேடிப் பார்த்துவிட்டேன்... கிடைக்கவில்லை.

பூட்டிய அலுமாரிக்குள் பகலில் விளக்கு எரிந்தாலும் சன்னல் வெளிச்சத்தில் அது கரனுக்குத் தெரியாது. கரன்ட் பில் கூடிவிட்டது, கடை முதலாளி ஏசுகிறார், இனி இரவில் விளக்கு எரிக்க முடியாது என்று கரனிடம் சொன்னேன்.

"ஓம் அண்ணை. என்னாலை உங்களுக்கேன் கரைச்சல்" என்றான்.

முதல் இரவு கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு படுத்தான். வெளிச்சம் அலுமாரிப் பக்கம் திரும்பியது. எனக்கு நித்திரை குழம்புகிறது, அணை என்று சினந்தேன். உண்மையில் நான் பார்த்துக்கொண்டிருந்தது அலுமாரிக் கதவின் இடைவெளியைத்தான். அவன் மன்னிப்புக் கேட்டு அணைத்தான். சிறிது நேரத்தில் எழுந்து வெளியே போனான்.

எங்கள் படிக்கட்டில் பொத்தானை அமர்த்தினால் விளக்கு எரியும். ஆட்கள் மாடி ஏறி முடிக்கும் நேரம் எரிந்துவிட்டுத் தானாக அணைந்துவிடும். கரன் அந்தப் பொத்தானுக்குக் கீழே படியில் உட்கார்ந்திருந்தான். அணையும், அமர்த்துவான். மறுபடி அணையும், மறுபடி அமர்த்துவான். கதவுக்கு உள்ளே கட்டிலில் கிடந்த எனக்கு 'டிக்'கென்ற அந்தச் சத்தம் கேட்டது. ஓர் இரவல்ல... விசாரணை நாள்வரைக்கும் கேட்டது.

எழுந்து போய் அந்த வட்டத்தை நான் திருகியிருக்கலாம். ஒவ்வொரு இரவும் திருகியிருக்கலாமே!

செடி பூத்தது. பச்சைக்குள் வெள்ளை நரை விட்டதுபோல் பூத்தது. மணத்தை மறைக்க நாளும் பொழுதும் சாம்பிராணி போட்டேன். அண்ணை நல்ல பக்திமான் என்று கீழே கடையில் கரன் சொல்லியிருக்கிறான். முதலாளி அதை என்னிடமே சொல்லிச் சிரித்தார்.

விசாரணைக்கு நான்தான் அவனைக் கூட்டிப்போனேன். ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டான். பகல், நல்ல வெயில், பெட்டி நிறைய வெளிச்சம். எழுப்ப மனமில்லாமல் இறங்கவேண்டிய தரிப்பைத் தவறவிட்டேன். பிறகு எழுப்பத்தான் வேண்டியிருந்தது. கண்ணிரண்டும் சிவந்திருந்தன.

விசாரணை முடிந்து வெளியே வந்ததும் வாசலில் என் கையைப் பிடித்தான்.

"எல்லாம் மாறிப்போச்சுது அண்ணை. புதுக்குடியிருப்பை முதல் சொல்லிப்போட்டன். தம்பி செத்த இடத்தையே மாத்திச் சொல்லிப்போட்டன்."

சில மாதங்களில் மறுப்பு வந்தது. சொன்ன விபரங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று எழுதியிருந்தது. மேல்முறையீட்டிலும் அதுவே நடந்தது.

நன்றாக நித்திரை கொண்டு போனவர்களுக்கும் மறுப்பு வந்திருக்கிறதே என்று நீங்கள் சொல்லக்கூடும். நானும் அதைச் சொல்லி என்னை ஆற்றப் பார்த்தேன். ஆனால் அந்த வரிசையை அவன் வாயால் பிசகில்லாமல் கேட்டவன் நான். அது எப்போது குழம்பத் தொடங்கியது என்று தெரிந்தவனும் நான் ஒருவன்தான்.

அந்தச் செடியை வெட்டி எறிந்தேன் என்று எதிர்பார்க்கிறீர்களா? இல்லை. காயவைத்துப் புகைத்தேன். நன்றாக நித்திரை கொண்டேன்! எனக்கு மிகவும் வெட்கமான இடம் இதுதான்.

கரன் வேறு ஊர்களுக்குப் போனான். பேப்பர் இல்லாமல் கண்ட கண்ட இடங்களில் வேலை செய்தான். வருடங்கள் பல ஓடி, ஒருவாறு விசா கிடைத்தது. அதற்குப் பிறகும் இழுபட்டு, போன வருடம் மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். பொண்டி என்ற புறநகரில் வீடு எடுத்திருக்கிறான். சாப்பிட வரவேண்டும் என்று விடாமல் கூப்பிட்டான்.

அன்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் புறப்பட்டேன். ரயிலில் சொற்களை அடுக்கிக்கொண்டே போனேன்... அவன் ஒரு காலத்தில் அடுக்கியதைப் போல.

வீட்டில் ஓர் அறை விடாமல் விளக்கு எரிந்தது. மகள் பள்ளிக்கூடம் முடித்த வயதுப் பெண்ணாக நின்றாள். கரன் என்னை அவள்முன் நிறுத்தினான்.

"பிள்ளை, நான் சொல்லுறனான் எல்லோ, நான் படுக்கிறதுக்காக இரவிரவா லைற் போட்டு வைச்ச பெரியப்பா எண்டு. இவர்தான்."

அவள் கைகூப்பினாள். மனைவி எனக்கு முதலில் சோறு போட்டாள். எதிரே உட்கார்ந்து நான் அந்தப் பெண்ணையே கவனித்தேன். தண்ணீர் வேண்டுமா என்று கரனைக் கேட்டாள். இன்னும் கொஞ்சம் கறி போடவா என்று கேட்டாள். நல்ல மரியாதை. ஆனால் 'அப்பா' என்ற சொல் ஒருமுறையும் அவள் வாயில் வரவில்லை. அவனும் அதை எதிர்பார்க்கப் பழகாதவன்போல் தலையை மட்டும் ஆட்டினான்.

சொன்னேனா? சொல்லவில்லை. வயிறாரச் சாப்பிட்டேன். அவன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன். அவனிடம் மிஞ்சியிருக்கும் ஒரு நல்ல ஞாபகத்தை உடைக்கக் கூடாது என்று எண்ணியா வாயை மூடினேன்? அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். உங்களை ஏமாற்ற எனக்கு விருப்பமில்லை. பயம்! வேறொன்றுமில்லை.

விடைபெற்றுப் படியிறங்கினேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் படிக்கட்டு விளக்கு அணைந்தது. கைப்பிடியைத் தேடி அப்படியே நின்றேன்.

மேலே 'டிக்'கென்று சத்தம் கேட்டது. வெளிச்சம் வந்தது.

"ஆறுதலா இறங்குங்கோ அண்ணை" என்றான் கரன். "நான் அமத்திக்கொண்டு நிக்கிறன்."

கீழ்வாசல்வரை நான் இறங்கினேன். அணையுமுன்னே மறுபடி மறுபடி அவன் அமர்த்திக்கொண்டே நின்றான்.