எலும்பு முறியாது என்று எழுதியிருந்த அட்டை

போன பங்குனியில், பெரிய வெள்ளிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, வவுனியாவிலிருந்து திருகோணமலைக்குப் போனேன். கடற்கரையும் மான்களும் பார்க்கப் போகிறவர்கள் கடைசிப் பந்திகளுக்குத் தாவிவிடலாம். நான் போனது ஒரு போதகரோடு சண்டை பிடிக்க.

அன்புவழிபுரத்தில் என் அக்கா தனியாக இருக்கிறார். தையல்தான் அவருக்குச் சோறு போடுகிறது. உள்துறைமுகத்து இறங்குதுறையில் மீன் வாங்கப் போனவர், பாசிப் படியில் வழுக்கி வலது கையை ஊன்றி விழுந்துவிட்டார். மணிக்கட்டு வீங்கி ஒன்பது நாள் ஆகிறது, ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன் என்கிறாராம். இதை அக்கா சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரி போனில் சொன்னாள்.

காரணத்தையும் அவளே சொன்னாள்: வாக்குத்தத்த அட்டை. தெரியாதவர்களுக்காக விளக்குகிறேன். எங்கள் சபைகளில் புதுவருட ஆராதனை முடிந்ததும் ஒரு பெட்டி வரும். அதற்குள் வேத வசனம் அச்சடித்த சின்ன அட்டைகள் இருக்கும். ஆளுக்கொன்றைப் பார்க்காமல் எடுப்பார்கள். அந்த வருடம் முழுவதும் கடவுள் தனக்கென்று சொன்ன வார்த்தை அது. அக்காவுக்கு வந்தது ஒரு சங்கீதத்தின் வரி. எலும்புகளில் ஒன்றுகூட முறியாமல் அவர் காப்பார் என்பது அதன் பொருள். கடவுளே முறியாது என்ற பிறகு எக்ஸ்றே எதற்கு? இந்த எண்ணத்தைப் போதகர்தான் ஊட்டியிருக்க வேண்டும் என்று பஸ் ஏறுமுன்பே முடிவு கட்டிவிட்டேன்.

நான் பஸ்களில் ரிக்கற் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் திருப்பிப் பார்க்காமல் நம்பமாட்டேன். எனக்கும் பக்திக்கும் ஏழாம் பொருத்தம்.

காலை 5.40 பஸ். கட்டணம் 430 ரூபா, தூரம் ஏறத்தாழ நூறு கிலோமீற்றர். ஹொரவப்பொத்தானையில் பத்து நிமிடம் நிற்கும். அங்கே தேநீர் நன்றாக இருந்தது, வடை முதல் நாளையது. கன்னியா தாண்டியதும் நடத்துநர் வந்தார்.

“அண்ணை, அன்புவழிபுரம் எண்டா சந்தியில இறங்குங்கோ. ஸ்ராண்டுக்குப் போனா திரும்பி வரவேணும்.”

முழுக் காசும் வாங்கிக்கொண்டு முன்னாலேயே இறக்கப் பார்க்கிறானே என்று நினைத்து, நான் அசையவில்லை. 8.50க்கு பஸ் நிலையத்தில் இறங்கினேன். ஒரு மான் வாழைப்பழத் தோல் தின்றுகொண்டிருந்தது. வந்த வழியே திரும்பிப் போக ஓட்டோவுக்கு 400 ரூபா. நடத்துநர் சொன்னது சரிதான்.

ஓட்டோக்காரரிடம் போதகரைப் பற்றி மெல்ல விசாரித்தேன்.

“நல்ல மனுசன். போன மாதம் என்ர அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதே அவர்தான்.”

இவ்வளவு நல்ல பெயரா? ஆள் வைத்துச் சொல்ல வைக்கிறாரோ என்றும் ஒரு கணம் யோசித்தேன். புத்தி அப்படி.

அக்கா இடது கையால் தேநீர் ஊற்றித் தந்தார். பாதி கதிரையில், பாதி தரையில் சிந்தியது. பள்ளிச் சீருடைத் துணிகள் வெட்டாமல் அடுக்கியபடி கிடந்தன. அலுமாரிக் கண்ணாடியில் அந்த அட்டை ஒட்டியிருந்தது.

“போகவேண்டாம் எண்டு போதகர் சொன்னவரோ?”

“அவருக்குத் தெரியாது. சால்வையால மூடிக்கொண்டுதான் சபைக்குப் போனனான்.”

“அப்ப ஏன் போகேல்ல?”

அக்கா அட்டையைப் பார்த்தார். “இந்த வசனம் யேசுவைப் பற்றினது, தம்பி. சிலுவையில மற்ற ரெண்டு பேருக்கும் காலை முறிச்சவங்கள், அவருக்கு முறிக்கேல்ல. அவரில அது அப்பிடியே நிறைவேறினது. அவருக்கு உண்மையா இருந்தது எனக்குப் பொய்யாப் போச்சுதெண்டா, அவருக்கும் பொய்தானே? பிறகு நான் என்னத்தைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறது?”

 கொண்டுவந்த கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எதற்கும் போதகரையே கேட்போம் என்று அட்டையை உரித்தெடுத்துக்கொண்டு போனேன். சபைக் கட்டடம் அக்கா வீட்டிலிருந்து இருநூறு மீற்றர். போதகர் மேசைமேல் ஏறி நின்று மின்விசிறி கழற்றிக்கொண்டிருந்தார், நாற்பது வயது இருக்கும். விஷயத்தைச் சொன்னதும் கையைக்கூடக் கழுவாமல் என்னோடு வந்தார். அக்காவின் கையைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போயிற்று.

“இதை அச்சடிச்சது ஆர்?” என்று அட்டையை நீட்டினேன்.

“கடையில பெட்டியா வாங்கிறது, அண்ணை.”

“இதுக்கு முன்வரி என்ன?”

வேதாகமத்தைத் திறந்தவர் கொஞ்சம் தயங்கித்தான் வாசித்தார். நீதிமானுக்குத் துன்பங்கள் நிறைய வரும் என்று அங்கே இருந்தது. பாதி ரிக்கற்றோடு பயணம் செய்தவர்களை நிறையப் பிடித்திருக்கிறேன். பாதியைக் கிழித்துவிட்டு விற்றவனை அன்றுதான் கண்டுகொண்டேன். அதைச் சொன்னேன்.

“பிழைதான்,” என்றார் போதகர். “நானும் திறந்து பார்க்கேல்ல.” பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். “அன்ரி, எபிரேயப் பாட்டுக்காரன் ஒருத்தன் தப்பிப் பிழைச்ச நன்றியில பாடினது இது. கனகாலத்துக்குப் பிறகு, சிலுவையில நடந்ததைச் சொன்ன ஆக்கள் இந்த மாதிரி வரிகளை நினைச்சவை. அதைத்தான் நாங்கள் தீர்க்கதரிசனம் எண்டு நம்புறம். உங்கட மணிக்கட்டைப் பற்றி அதில ஒண்டும் இல்லை.”

“அப்ப பாடினவனுக்கே தெரியாத அர்த்தம் பாட்டுக்குள்ள இருந்ததோ?” என்று மடக்கினேன்.

“இருந்தது எண்டு நம்புறன், அண்ணை. நிரூபிக்க ஏலாது.”

ஏமாற்றுகிறவன் ஏலாது என்று சொல்லமாட்டான். முதல் தடவையாக அவரை அரைவாசி நம்பினேன்.

போதகர் தாழ்ந்த குரலில் சொன்னார்: “எலும்பு முறியேல்லத்தான். ஆனா அவர் செத்தவர், அன்ரி. முறியாமல் இருந்ததால நோகேல்ல எண்டு ஒருத்தரும் எழுதேல்ல.”

அக்கா வீங்கிய கையை இடது கையால் தாங்கிக்கொண்டு எழுந்தார். பிறகு, “சால்வையை எடு, தம்பி,” என்றார்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுத்துப் பார்த்தால், முறிந்துதான் இருந்தது. இன்னும் இரண்டு கிழமை விட்டிருந்தால் கோணலாகவே பொருந்தி, கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் போயிருக்கும் என்றார் டொக்டர். ஆறு கிழமைக்கு மாவுக்கட்டு. படத்தை வெளிச்சத்தில் பிடித்து அந்தக் கீறலை அக்கா நெடுநேரம் பார்த்தார். அழவில்லை. வீடு வந்ததும், “விட்ட வரியை அட்டைக்குப் பின்னால எழுது. எனக்குக் கை ஏலாது,” என்றார். நம்பாத நான், அச்சடித்தது போல நிறுத்தி நிறுத்தி எழுதிக் கொடுத்தேன். அக்கா அட்டையை மறுபடியும் கண்ணாடியில் ஒட்டினார், நான் எழுதிய பக்கம் வெளியே தெரிய.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். அன்புவழிபுரம் பக்கம் போவதென்றால் நடத்துநர் சொல்கிற சந்தியில் இறங்குங்கள். இறங்குதுறைப் படியில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து போங்கள். திரும்பி வர பிற்பகல் 2.15 பஸ் நல்லது. ஆனால் இடது பக்க யன்னலில் இருந்தால் வெயில் முகத்தில் அடிக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நடத்துநர், ஓட்டோக்காரர், போதகர், மூவாயிரம் வருடப் பாட்டு என்று அன்றைக்கு எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். ஆனால் அந்த ஒன்பது நாளுக்குள் ஒரு ஞாயிறு வந்தது. வழக்கம்போல அக்காவுக்குப் போன் எடுத்தேன். “நல்லா இருக்கிறன்,” என்றார். அதை மட்டும் நான் திருப்பிப் பார்க்கவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில்தான் பேசுகிறோம். நல்லா இருக்கிறன் என்று அக்கா சொன்னதும், “கையைத் தூக்கிக் காட்டு,” என்பேன். “நீ திருந்தமாட்டாய்,” என்றபடி அக்கா இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டுவார்.