பொது சைக்கிளில் டிக்கோயா பஸ்ஸுக்கு: மூன்று கிலோமீட்டர், இருபத்தாறு நிமிடம்

என் தங்கை செல்விக்கு ஹட்டனில் ஒரு மருந்துக்கடையில் வேலை கிடைத்திருக்கிறது. காலை ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். வீடோ டிக்கோயாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில். பஸ் நிற்கும் சந்திக்கு மூன்று கிலோமீட்டர் இறக்கம். தினமும் ஆட்டோ கட்டுப்படியாகாது. இளைஞர் மன்றம் வைத்திருக்கும் பொது சைக்கிள்தான் வழி. "நீ ஒரு தடவ போய்ப் பாரு. சரியில்லன்னா வேலையே வேணாம்" என்று அம்மா முடிவை என் தலையில் கட்டிவிட்டார். அதற்காகவே போன திங்கட்கிழமை கொழும்பிலிருந்து வந்தேன்.

ஐந்தே முக்காலுக்கு மன்ற வாசலில் இரண்டு சைக்கிள் எடுத்தோம். ஒன்றுக்கு ஐம்பது ரூபாய். சந்திக் கடையில் விட்டுவிடலாம். பஸ் ஆறேகாலுக்கு. பனிமூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. பிரேக்கை நாலு முறை அழுத்திப் பார்த்தும் எனக்கு மனசு ஆறவில்லை.

முதல் லயத்திலேயே தடை. பல் விளக்கிக்கொண்டிருந்த ஒருவர் கேட்டார்: "எங்க புள்ள, காலையிலயே?" செல்வி இறங்கி நின்று பதில் சொன்னாள். அடுத்த வாசலிலும் அதே கேள்வி, அதே பதில். இங்கே பதில் சொல்லாமல் கடந்தால் தலைக்கனம் என்று பெயர். பெண்பிள்ளை சைக்கிளில் வந்தால் கேள்வி இரட்டிப்பு. பெண்கள் பலர் இந்தச் சைக்கிளைத் தொடாததற்கு இறக்கத்தைவிட இந்த வாசல்கள்தான் காரணம் என்று எனக்குப் பட்டது.

"வா, பஸ் போயிரும்!" என்று கத்திவிட்டு, யாரையும் பார்க்காமல் முன்னால் விட்டேன்.

கடைசி லயத்துக்குக் கீழே ஒரு கொண்டை ஊசி வளைவு. பின்னாலிருந்து செல்வியின் குரல்: "அண்ணே, நில்லுங்க! லொறி ஏறுதாம்!"

காலை ஊன்றி நிறுத்தினேன். விறகு லொறி ஒன்று பனிக்குள்ளிருந்து வந்து, என் முன் சக்கரத்தை உரசாத குறையாகத் திரும்பியது. கடைசி வாசலில் நின்ற அக்கா லொறிச் சத்தம் கேட்டு செல்வியிடம் சொல்லியிருக்கிறார். நிற்காமல் போன எனக்கு யார் சொல்வார்கள்?

ஆறு பதினொன்றுக்குச் சந்தி. ஹட்டனுக்கு நாற்பது ரூபாய், இருபது நிமிடம். இந்த வழியில் போகிறவர்கள் ஓட்டத்துக்குப் பத்து நிமிடம் வைத்தால் பேச்சுக்குப் பதினைந்து வையுங்கள். வளைவில் இறங்கித் தள்ளுங்கள். சைக்கிளில் விளக்கு இல்லை, டோர்ச் கொண்டுபோங்கள். மாலையில் ஏற்றம் முழுக்கத் தள்ளத்தான் வேண்டும். ஒரு மணி நேரம் ஆகும்.

பஸ்ஸில் இருந்தபடியே அம்மாவைப் போனில் அழைத்தேன்.

"என்னடா, அனுப்பலாமா?"

"அனுப்புங்கம்மா."

"பயமில்லயா?"

"பயமாத்தான் இருக்கு. ஆனா லொறியில மாட்டப் பாத்தது நான்தாம்மா, அவ இல்ல."