இறால் பண்ணைக்கு வந்த கண்டக்டர்

சென்ற வருடம் மாசி மாதம். மரக்காணம் உப்பளங்களில் உப்பு வாரத் தொடங்கியிருந்த நேரம். உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் ஒரு இறால் குஞ்சுப் பண்ணையில் நான் லேப் வேலை பார்க்கிறேன். தொட்டித் தண்ணீரில் உப்பு சரியாக இருக்கிறதா, குஞ்சுகள் சுறுசுறுப்பாக நீந்துகின்றனவா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பிரம்மதேசத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். பஸ்ஸில் யாராவது என் காலை மிதித்தால்கூட நான்தான் “ஸாரி” சொல்வேன். அப்படிப்பட்ட என்னிடம்தான் மேனேஜர் சார் அந்த மஞ்சள் கருவியைக் கொடுத்தார்.

உள்ளங்கையில் அடங்கும். இடுப்பில் மாட்டிக்கொள்ள ஒரு கிளிப் உண்டு. காற்றில் ஆக்சிஜன் எவ்வளவு, எரியும் வாயு இருக்கிறதா, விஷ வாயு இருக்கிறதா என்றெல்லாம் பார்த்து, ஆபத்து என்றால் கத்தும். விற்ற கம்பெனியிலிருந்து வந்தவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். கட்டடத்துக்கு உள்ளே வைத்து ஆன் செய்யக் கூடாது; சுத்தமான வெட்டவெளியில் செய்ய வேண்டும். கொஞ்ச நேரம் விட்டால் ஆக்சிஜன் 20.9 என்று வந்து நிற்கும். பிறகு, கூடவே தந்த சின்ன சிலிண்டரிலிருந்து சோதனை வாயுவை அதன் மூக்கில் காட்ட வேண்டும். அப்போது அலற வேண்டும். “கத்தலைன்னா அன்னிக்கு அதை நம்பாதீங்க மேடம்” என்றார்.

முதல் நாள் ஆன் செய்தபோது அது தன்னைத்தானே சோதித்துக்கொள்ள வீலென்று கத்தி, சிவப்பாக மின்னி, கையில் அதிர்ந்தது. நான் பயந்து போய் மணலில் போட்டுவிட்டேன். குஞ்சுகளுக்குத் தீனி போடும் அக்காக்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அதற்குப் பெயர் வைத்தவர் எங்கள் மோட்டார் மெக்கானிக் அண்ணன். ஆள் நல்ல உயரம், அதற்கேற்ற குரல். அவர் இருக்கும் இடத்தில் மோட்டார் சத்தமே கேட்காது. “இடுப்புல தொங்குது, விசில் அடிக்குது, இதைக் கேக்காம உள்ள ஏறக் கூடாதுங்கறாங்க. அப்ப இது கண்டக்டர்தான?” என்றார். அன்றிலிருந்து அது கண்டக்டர் ஆகிவிட்டது. தினமும் காலையில் நான் அதைச் சோதிக்கும்போது, தூரத்திலிருந்தே “கண்டக்டர் டூட்டிக்கு வந்துட்டாருய்யா!” என்று குரல் கொடுப்பார்.

நான் சொல்ல வந்த நாள் அவருடைய மகளின் வளைகாப்பு நாள். சாயங்காலம் விழா. காலையிலேயே அண்ணன் புது வேட்டியும் சட்டையும் கொண்டுவந்து மோட்டார் ரூம் ஆணியில் மாட்டிவிட்டார். வருகிறவர் போகிறவர் எல்லோரையும் கூப்பிட்டு, “அரை நாள் லீவு போட்டிருக்கேன். எல்லாரும் வந்துடணும், மீன் குழம்பு இல்ல, பிரியாணி!” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்குப் பார்த்து கடல் தண்ணீர் நின்றுபோனது.

எங்கள் பண்ணையில் கடல் தண்ணீரைத் தரைக்குக் கீழே உள்ள ஆழமான ஒரு தொட்டியில் நிரப்பி, அங்கிருந்து மோட்டார் போட்டு ஏற்றுவோம். சம்ப் என்போம். மோட்டார் ஓடியது, தண்ணீர் ஏறவில்லை. சம்ப்பின் அடியில் குழாய் நுனியில் இருக்கும் ஃபுட் வால்வில் சிப்பி அடைத்துக்கொண்டிருக்க வேண்டும். யாராவது இறங்கித்தான் எடுக்க வேண்டும். இன்னொரு சின்ன மோட்டாரை விட்டு சம்ப்பில் இருந்த தண்ணீரை இறைத்தோம். அடியில் கறுப்புச் சேறு தெரிந்தது. செத்த சிப்பியும் பாசியும் சேர்ந்து மட்கிய சேறு. மூடியை முழுசாகத் திறந்தபோது அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று அடித்து எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

தொட்டிகளில் லட்சக்கணக்கில் குஞ்சுகள். மத்தியானத்துக்குள் புதுத் தண்ணீர் மாற்றாவிட்டால் ஒவ்வொன்றாக மிதக்கத் தொடங்கிவிடும். மேனேஜர் சார் கையைப் பிசைந்தபடி சம்ப்பைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

“நாத்தத்துக்குப் பயந்தா ஆவுமா சார்? எத்தனை வருஷமா எறங்கறேன்” என்று அண்ணன் சட்டையைக் கழற்றினார்.

நான் கண்டக்டரோடு ஓடினேன். காலையில் சோதனை வாயு காட்டி, அது நன்றாகக் கத்தியதைப் பார்த்துத்தான் மாட்டியிருந்தேன். சம்ப் வாயருகில் நீட்டினேன். கடல் காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. 20.9. சத்தமே இல்லை.

“கண்டக்டர் ரைட் குடுத்துட்டாருப்பா!” என்று யாரோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் குனிந்து தலையை உள்ளே விட்டு எட்டிப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கண்கள் சிவந்திருந்தன.

“அட, இப்ப நாத்தமே இல்லையே. காத்துல எல்லாம் போயிடுச்சு” என்றார். ஒரு காலை ஏணியில் வைத்துவிட்டார்.

எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் திக்கென்றது. சொல்லிக் கொடுத்தவர் கிளம்பும்போது சொன்னது ஞாபகம் வந்தது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் அந்த விஷ வாயு கொஞ்சமாக இருந்தால் நாறும். அதிகமாக இருந்தால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. இறங்குகிறவன் பேச்சு மூச்சில்லாமல் விழுவான். அவனைத் தூக்க இறங்குகிறவனும் விழுவான்.

“அண்ணா, இருங்கண்ணா! கீழ பார்க்கணும். மேல பார்த்தா பத்தாது” என்றேன். மோட்டார் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் இரண்டாவது காலையும் எடுத்துவிட்டார்.

எப்படி அந்தத் தைரியம் வந்ததென்று இன்றைக்கும் தெரியவில்லை. ஓடிப்போய் அவர் இடுப்பு பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் இழுத்தேன். அவ்வளவு பெரிய மனிதர் தடுமாறி மணலில் உட்கார்ந்துவிட்டார்.

“ஏம்மா, என்னாம்மா நீ?” என்றார், கோபத்தைவிட ஆச்சரியமாக.

ஒரு நைலான் கயிற்றைக் கண்டக்டரின் கிளிப்பில் கட்டி மெதுவாக உள்ளே இறக்கினேன். முதல் சில நொடி சத்தமில்லை. இன்னும் கொஞ்சம் விட்டேன். உள்ளேயிருந்து வீல் வீலென்று அலறல் கிளம்பியது. சிமென்ட் சுவரில் மோதி, பத்துக் கண்டக்டர்கள் சேர்ந்து விசில் அடிக்கிற மாதிரி இருந்தது. இருட்டுக்குள் சிவப்பு விளக்கு மின்னி மின்னி அணைந்தது.

மேலே இழுத்ததும் கொஞ்ச நேரத்தில் அமைதியானது. “புது மெஷினு, எதைப் பார்த்தாலும் கத்துமோ என்னவோ” என்றார் அண்ணன். ஆனால் குரலில் பழைய சத்தம் இல்லை. மறுபடி இறக்கினேன். அதே இடத்தில், அதே அலறல். மேலே வந்ததும், அது தொட்டுவிட்டு வந்த அளவைத் திரையில் எடுத்து மேனேஜர் சாரிடம் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

“யாரும் எறங்க வேணாம். குஞ்சு போனா போவட்டும்” என்றார்.

அண்ணன் மணலில் உட்கார்ந்தபடியே சம்ப்பின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று எழுந்து பின்பக்கம் தட்டிக்கொண்டார்.

“குஞ்சு ஏன் சார் போவணும்? உப்பளத்துல ஆயில் இன்ஜின் இருக்குதே! கடல்லேர்ந்து நேரா இழுத்துடலாம்!”

சொன்னவர் வேலியைத் தாண்டி உப்பளத்து வரப்பில் ஓடினார். அடுத்து நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பாத்தியில் உப்புத் தண்ணீர் பாய்ச்சும் இன்ஜினை அப்படியே கழற்றி, குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு உப்பளத்து ஆட்கள் வந்தார்கள். காலை வேலை முடித்து வீட்டுக்குக் கிளம்பியிருந்தவர்கள். காலெல்லாம் உப்புப் பூத்திருந்தது. வண்டி மணலில் புதைந்தது. கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த மீனவர்கள் கூப்பிடாமலே வந்து, “ஏலே தள்ளு! ஏலே தள்ளு!” என்று ஒரே மூச்சில் வண்டியைத் தூக்கிவிட்டார்கள். ஹோஸ் எட்டவில்லை. அவர்களே படகுச் சாமான் கொட்டகையிலிருந்து இன்னொரு ஹோஸ் கொண்டுவந்து சேர்த்துக் கட்டினார்கள். இன்ஜின் டபடபவென்று உயிர் பெற்றது. ஹோஸ் பாம்பு மாதிரி நெளிந்து, இருமி, எங்கள் வடிகட்டும் தொட்டியில் கடலைக் கொட்டியது. தீனி போடும் அக்காக்கள் வடிகட்டித் துணியைப் பிடித்தபடி தொப்பலாக நனைந்து கத்தினார்கள். ஒரு மீனவர், “எங்க ஊர் இறாலைக் காப்பாத்துனதுக்கு நாளைக்கு வலையில நிறைய வந்து விழணும்” என்று தொட்டியைப் பார்த்துச் சத்தமாகவே சொல்லிவிட்டுப் போனார்.

நான் தண்ணீரைச் சோதித்துவிட்டு ஒரு பீக்கரில் குஞ்சுகளை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். துள்ளிக்கொண்டிருந்தன.

இதற்கிடையில், குஞ்சுத் தொட்டிகளுக்குக் காற்று அடிக்கும் உபரி புளோயரை இழுத்துவந்து அதன் குழாயைச் சம்ப்பின் அடிவரைக்கும் விட்டிருந்தோம். கொஞ்சங்கொஞ்சமாகக் காற்று மாறியது. நான் கயிற்றை இறக்கி இறக்கிப் பார்த்தேன். முதலில் அலறியது. அப்புறமும் அலறியது. “கண்டக்டர் இன்னும் ரைட் குடுக்கலையா?” என்று அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார், ஆனால் தானாக ஏணிப் பக்கம் வரவே இல்லை. மத்தியானம் தாண்டி, மேலே, நடுவில், அடியில் எங்கே விட்டாலும் அது வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் இடுப்பில் கயிறு கட்டி, கண்டக்டரை நெஞ்சில் மாட்டிக்கொண்டு, புளோயர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் இறங்கினார். மேலே மூன்று பேர் கயிற்றைப் பிடித்திருந்தோம். “அண்ணா!” என்று நான் கூப்பிட, “ம்ம்!” என்று அவர் பதில் சொல்ல, இப்படியே வேலை முடிந்தது. தேங்காய் அளவுக்குச் சிப்பி மண்டிய வால்வை அவர் மேலே தூக்கிக் காட்டியபோது விசில் சத்தம் காதைப் பிளந்தது. அடித்தது கண்டக்டர் இல்லை, நாங்கள்.

வளைகாப்புக்கு நேரமாகிவிட்டது. அண்ணன் மோட்டார் ரூமிலேயே குளித்து, புது வேட்டி கட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். நாங்களும் ஷேர் ஆட்டோவில் பின்னாலேயே போனோம். அவசரத்தில், திரும்ப வாங்கி என் இடுப்பில் மாட்டிய கண்டக்டரைக் கழற்ற மறந்துவிட்டேன்.

பந்தலில் நல்ல கூட்டம். மகள் சந்தனமும் குங்குமமுமாக நாற்காலியில் ஜொலித்தாள். அண்ணனின் மனைவி அப்போதுதான் அடுப்படிப் புகையிலிருந்து வந்தவர், சேலையில் வாசம் வர ஸ்ப்ரே டப்பாவை எடுத்து தாராளமாக அடித்துக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். என் இடுப்பிலிருந்து வீல்ல்ல்!

நாகஸ்வரக்காரர் நிறுத்திவிட்டார். இரண்டு பாட்டிமார்கள் எழுந்து ஓடினார்கள். அந்த டப்பாவில் அடைத்திருப்பதும் எரியும் வாயுதான் என்று நான் விளக்குவதற்குள், பந்தலின் அந்தக் கோடியிலிருந்து அண்ணன் இடி மாதிரி சிரித்தார்.

“யாரும் பயப்படாதீங்க! அது எங்க கண்டக்டர். காலையில அது கத்தலைன்னா, இந்தத் தங்கச்சி என்னைப் பிடிச்சு இழுக்கலைன்னா, நீங்க எல்லாம் இப்ப வேற எதுக்கோ வந்திருப்பீங்க!”

சிரிப்பாகத்தான் சொன்னார். ஆனால் வீட்டில் அவர் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. அண்ணி டப்பாவைக் கீழே வைத்தார். என்ன ஏது என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டிலிருந்து கண்ணாடி வளையல்களை அள்ளி என் இரண்டு கையிலும் பூட்டினார். பிறகு குங்குமச் சிமிழை எடுத்து, கண்டக்டர் நெற்றியில் பொட்டு வைக்க வந்தார்.

“ஐயோ அண்ணி, அந்த ஓட்டையில வைக்காதீங்க! அது மூக்கு, அடைச்சுக்கும்!” என்று நான் கத்தினேன். பண்ணையில் வேலைக்குச் சேர்ந்த இத்தனை நாளில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. பந்தலே சிரித்தது. அண்ணி பொட்டைப் பின்பக்கம் வைத்தார். நாகஸ்வரம் மறுபடி ஆரம்பித்தது. பிரியாணி பிரமாதம்.

அதற்குப் பிறகு எங்கள் பண்ணையில் கண்டக்டர் சம்மதிக்காமல் யாரும் சம்ப்பில் இறங்குவதில்லை. மேனேஜர் சார் அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார். எனக்குத்தான் பெரிய மாற்றம். ஒருவரைப் பார்த்து “வேணாம், நில்லுங்க” என்று சத்தம் போடுவது மரியாதைக் குறைவு என்று அதுவரை நினைத்திருந்தேன். சில நேரம் அதைவிடப் பிரியமான வார்த்தை வேறு இல்லை என்பது, மணலில் உட்கார்ந்து என்னை ஆச்சரியமாகப் பார்த்த அந்த முகம் நினைவுக்கு வரும்போதெல்லாம் எனக்குப் புரிகிறது.