பத்து மரியேயில் போகும் பெயர்

என் அப்பாவின் பெயரை ரெமிஜியஸ் தொட்டியில் முக்கிவிட்டாராம். டொராண்டோவிலிருந்து அக்கா ஃபிளோரா சொன்னாள். அவளுக்குத் தஞ்சாவூர் நாத்தனார் சொன்னாள். நாத்தனாருக்கு யார் சொன்னது என்றால், "பஸ்ஸுல பேசிக்கிட்டாங்க" என்கிறாள். இதைவிட நம்பகமான சாட்சி எங்கள் பக்கம் கிடையாது.

ரெமிஜியஸ் கும்பகோணத்தில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, அலுமினியச் சாமான்கள்மேல் ஏற்றிய ஆக்சைடு பூச்சுத் தோலை உரித்து, புதுத்தோல் ஏற்றித் தருகிறவர். ஷார்ஜாவில் ஜன்னல் கம்பெனியில் பதினான்கு வருஷம் கற்ற வேலை. ஊரிலும் ஜன்னல்தான் வரும் என்று நினைத்தார். வந்தவை பெயர்கள். டெல்டாவில் உபயதாரர் பெயர் இல்லாமல் ஒரு டியூப்லைட்கூட எரியாது. உபயதாரரோடு மனஸ்தாபம் வந்தால் சாமானைத் திருப்பிக்கொடுக்க யாருக்கும் மனம் வராது. பெயரை மட்டும் எடுத்துவிட வேண்டும். நிறமும் எழுத்தும் அந்தத் தோலுக்குள்தானே இருக்கின்றன!

தொட்டி என்றால் ஒரு நீல டிரம், அதில் சூடான காஸ்டிக் சோடாத் தண்ணீர். ரெமிஜியஸ் கடிகாரம் பார்ப்பதில்லை. 'அருள் நிறைந்த மரியே' சொல்லி எண்ணுவார். மெல்லிய பூச்சுக்கு ஐந்து, கெட்டிக்குப் பத்து. அதற்குமேல் விட்டால் அலுமினியத்தையே தின்றுவிடும். நுரைத்துக்கொண்டு தங்க நிறம் போகும், பெயர் போகும், கரி படிந்த சாமான் மேலே வரும். ஆசிட்டில் அலசினால் யாருக்கும் கடமைப்படாத வெள்ளை. அழிகிற ஆளுக்காக அவர் வீட்டில்கூட அத்தனை ஜெபம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

போன வருஷம் நானே போனேன். எங்கள் மாதா கோயிலின் நான்கு ஸ்பீக்கர் ஸ்டாண்டுகளிலும் ஞானாதிக்கம் என்ற பெரியவரின் பெயர் இருந்தது. புதுப்பித்துத் தருகிறேன் என்று பங்குச் சாமியாரிடம் சொல்லி வாங்கிப் போனேன்.

"பழைய பேரு நிழலாக்கூடத் தெரியக்கூடாதுண்ணே."

"மெல்போர்ன்லேர்ந்து இதுக்காகவா வந்தீங்க தம்பி?"

"அப்பா பேரு இருந்தா அம்மாவுக்கு ஒரு ஆறுதல்."

"சரிதான். ஞானாதிக்கம் வீட்டம்மாவுக்கு?" என்றவர், நான் வாய் திறப்பதற்குள் முதல் மரியேயை ஆரம்பித்துவிட்டார். கெட்டிப் பூச்சு. பத்தையும் நானும் சேர்ந்தே சொன்னேன்.

அன்றிலிருந்து அம்மா கோயிலுக்குள் நுழைந்ததும் வாசல் ஸ்டாண்டில் 'ஆசீர்வாதம் நினைவாக' என்ற அப்பா பெயரைத் தடவிவிட்டுத்தான் தீர்த்தத்தில் விரல் வைப்பாள்.

இந்த வருஷம் கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப்பேரவையின் செயலர் ரெஜின். ஞானாதிக்கத்தின் மகன். நான்கு ஸ்டாண்டுகளும் 'பராமரிப்புக்கு'க் கும்பகோணம் போயிருக்கின்றனவாம். இன்று சாயங்காலம் தேர்பவனி.

மெல்போர்னிலிருந்து அம்மாவைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன்.

"தொடைக்கக் குடுத்திருக்கோம், சாயங்காலம் வந்துரும் பெரியம்மாங்கிறான் ரெஜின். நல்ல புள்ளடா, உன்ன மாதிரியே!"

நீலப் பட்டுப்புடவைக்கு இஸ்திரி போட்டாயிற்றாம்.

இன்னும் முக்காமல் இருந்தால் தடுக்கலாம் என்று கடைசியில் ரெமிஜியஸின் எண்ணைப் போட்டேன். எடுத்தால் என்ன சொல்வது? அழிக்காதீங்கண்ணே, நான் அழிச்சது வேற கணக்கு என்றா? ரிங் போய் நின்றது. கையில் ரப்பர் கையுறை இருக்கும், கழற்ற நேரமாகும் என்று மறுபடி போட்டேன். என்னையறியாமல் உதடு மரியே சொல்லிக்கொண்டிருக்கிறது. ஏழாவது. ரிங் போகிறது, எடுக்கவில்லை. எட்டாவது.